பெட்டிக்குள் விட்டுவைத்த குளவிக்கூடு

என் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் மஞ்சள் துணியில் சுற்றி ஒரு மண்கட்டியை வைத்திருக்கிறேன். எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உப்பல், உப்பலின் மேல் மூன்று ஓட்டைகள். குளவிக்கூடு. வீடு ஒதுக்கும்போது என் மருமகள் இரண்டு தடவை அதை எறியப் பார்த்தாள். "என்னாத்துக்கு அத்தே இந்த மண்ணு?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன், அதற்கு மேல் சொல்லவில்லை. நான் பேசுகிறவள் இல்லை. நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் இந்த மண்கட்டியைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று பல வருஷமாக ஒரு வெறி. இதில் வருகிற ஆளை சூப்பர்வைசர் என்று மட்டும் எழுதுகிறேன். பேரைப் போட்டால் அவர் பிள்ளைகளுக்குச் சங்கடம். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் தவறிப்போனார். ஆண்டிபட்டியிலிருந்து பஸ் ஏறி, தேனியில் இன்னொரு பஸ் மாறி, பழனிசெட்டிபட்டியில் ஒரு குடோனுக்கு வேலைக்குப் போனேன். கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். மூடின மில்களிலும் பழைய தொழிற்சாலைகளிலும் ஏலத்துக்கு வருகிற சோதனைக் கருவிகளை எடுத்து வந்து, சுத்தம் செய்து, பழுது பார்த்து, புதிது புதிதாக முளைத்துக்கொண்டிருந்த காலேஜ்களுக்கு விற்கிற இடம் அது. முதலாளி போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறவர். வாரத்துக்கு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் சூப்பர்வைசர் ராஜ்ஜியம்தான். அவர் படித்தவர், கை வேலை தெரிந்தவர். செத்துக் கிடக்கிற பெட்டிக்கு உயிர் கொடுப்பார். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் சுத்தம் செய்கிற ஆள் வராததால் என்னை உட்கார வைத்தார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவள் பன்னிரண்டு வருஷம் எழுந்திருக்கவில்லை. வந்ததில் முக்கால்வாசி சி.ஆர்.ஓ. பெட்டிகள். மின்சாரம் ஏறி இறங்குவதைக் கண்ணாடியில் பச்சைக் கோடாக வரைந்து காட்டுகிற பெட்டி அது. மூடியைக் கழற்றி வெளியே வைத்து முதலில் ஊதி விடுவேன். பிறகு பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியை இழுப்பேன். திருகுகிற குமிழ்களையெல்லாம் உருவிச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, பல் விளக்கும் பிரஷ்ஷால் வரி வரியாகத் தேய்ப்பேன். முதல் வாரத்தில் தின்னரைத் தொட்டு முகப்பைத் துடைத்து அச்செழுத்தையெல்லாம் அழித்துவிட்டேன். அதன் பிறகு எந்த மருந்தையும் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்காமல் தொட்டதில்லை. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஆனால் எந்தக் குமிழுக்குக் கீழே எந்த எழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அழுக்கைப் பார்த்தே பெட்டி எந்த ஊரில் பிழைத்தது என்றும் சொல்லிவிடுவேன். பஞ்சு மில் பெட்டிக்குள் பஞ்சுத்தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். பட்டறைப் பெட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு. பீடிப் புகை குடித்த கண்ணாடியைத் துடைத்தால் துணி டீ நிறத்தில் வரும். அந்தக் கண்ணாடி வெளுத்து, பச்சைக் கோடு பளிச்சென்று ஓடுகிறபோது எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சூப்பர்வைசருடைய ஸ்க்ரூ டிரைவர் காணாமல் போனது. பேனா மாதிரி ஒல்லியாக, எலும்பு நிறத்தில், பிளாஸ்டிக்கால் செய்தது. பெட்டிக்குள் நுணுக்கமான திருகுகளைத் திருப்புவதற்கென்று யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். என்னோடு சேர்த்து ஒன்பது பேர். அவர் வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்வை என்னிடம் வந்து நின்றது.

"ஆத்தா, ஒம் பையக் கொண்டா."

"நான் எடுக்கல சார்."

"எடுக்கலைன்னா காட்டுறதுக்கு என்ன? கொண்டாங்கிறேன்ல."

பையைக் கொட்டினார். சுருக்குப்பையை அவிழ்க்கச் சொன்னார். பிறகு என் தூக்குவாளியைத் திறந்தார். முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி ஒரு வெங்காயத்தை நறுக்கிப் போட்டிருந்தேன். தொட்டுக்கொள்ளக்கூட ஒன்றும் இல்லை. அதை யாருக்கும் காட்டாமல் திரும்பி உட்கார்ந்து தின்பதுதான் என் வழக்கம். கையிலிருந்த இன்னொரு ஸ்க்ரூ டிரைவரை, எண்ணெய்க் கறையோடு, அந்தச் சோற்றுக்குள் விட்டு அடிவரை கிளறினார். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. "எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மூடியைப் போட்டு மூடினேன். சாயங்காலம் அந்தச் சோற்றை இரண்டு பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்து கோழிக்குப் போட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. இரண்டு மாதம் கழித்து ஒரு காலேஜிலிருந்து ஒரு பெட்டி பழுது என்று திரும்பி வந்தது. மூடியைக் கழற்றினேன். அடித்தகட்டின் மூலையில் அந்த எலும்பு நிற ஸ்க்ரூ டிரைவர் படுத்துக் கிடந்தது. அவர் வேலை பார்த்துவிட்டு உள்ளேயே மறந்து வைத்து மூடியிருக்கிறார். எல்லாரும் இருக்கும்போது எடுத்துக் காட்டியிருக்கலாம். என் கூச்சம் அதைச் செய்ய விடவில்லை. முந்தானையில் துடைத்து, தனியாக அவர் மேஜைக்குக் கொண்டுபோய் வைத்தேன்.

"எங்கன கெடந்துச்சு?"

"நீங்க மூடுன பெட்டிக்குள்ள சார்."

அவர் அதை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார். "சரி சரி, போயிச் சோலியப் பாரு" என்றார்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வார் என்று பார்த்திருந்தேன். சொல்லவில்லை. மறுநாள் சொல்வார், ஆயுத பூஜைக்கு எல்லாரும் கூடும்போது சொல்வார் என்று பார்த்திருந்தேன். அது கிடைத்துவிட்டது, ஆத்தா எடுக்கவில்லை. இந்த இரண்டு வார்த்தை போதும் எனக்கு. பேக்கிங் வேலை பார்க்கிற மதினியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைப் போல ஊமை இல்லை. "நான் போயிக் கேக்கவா? நாக்கப் புடுங்குற மாதிரி கேக்குறேன்" என்று கிளம்பினாள். "வேணாம் மதினி. அந்தாளு வாயில இருந்து வரணும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வந்தது வேறு. நான் தூக்குவாளியைத் திறக்கிறபோதெல்லாம், "இன்னைக்குச் சோத்துக்குள்ள என்னத்த ஒளிச்சு வச்சிருக்க ஆத்தா?" என்பார். புதிதாக வந்து சேர்ந்தவர்கள் காரணம் தெரியாமல் சிரிப்பார்கள். ஆறு வருஷம் சிரித்தார்கள். ஒவ்வொரு சிரிப்பையும் நான் உள்ளே பத்திரப்படுத்தினேன்.

பிறகு ஒரு மார்கழியில், பக்கத்தில் ஒரு புதிய காலேஜ் பன்னிரண்டு சி.ஆர்.ஓ. வேண்டும், அதுவும் புதிதாகத்தான் வேண்டும் என்று கேட்டது. சூப்பர்வைசர் முதலாளியிடம், மெட்ராஸிலிருந்து புதிய பெட்டிகள் வரவழைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு மூடின மில்லிலிருந்து பன்னிரண்டு பழைய பெட்டிகளைக் கொண்டுவந்து பின்னறையில் அடுக்கினார். புது ஸ்டிக்கர், புது அட்டைப்பெட்டி எல்லாம் அடித்து வந்தது. "கலியாணப் பொண்ணு கணக்கா இருக்கணும். வெளிய மூச்சு விடக் கூடாது" என்று என்னிடம் சொன்னார். மூன்று வாரம் தேய்த்தேன். பதினோரு பெட்டியில் ஒரு தூசி கிடையாது. பன்னிரண்டாவது பெட்டியின் அடித்தகட்டில், கம்பியும் பலகையும் இல்லாத ஓரத்தில், இந்தக் குளவிக்கூடு ஒட்டியிருந்தது.

எங்கள் பக்கம் வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் கலைக்க மாட்டார்கள். அந்த வீட்டில் யாரோ உண்டாகியிருக்கிறாள் என்று சொல்லி அப்படியே விட்டுவிடுவார்கள். பெட்டிக்குள் இருப்பதைக் கலைக்கும்போது எனக்கு அந்த யோசனை வந்ததில்லை, எத்தனையோ கூட்டைச் சுரண்டி எறிந்திருக்கிறேன். அன்றைக்குக் கத்தியை வைத்தவள் நிறுத்தினேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு அழுக்கைத் தெரிந்தே விட்டுவைத்தவள் இல்லை நான். அந்த ஒரு கர்வம்தான் எனக்குச் சொந்தமாக இருந்தது. அதை விட்டுக்கொடுத்தால்தான் அந்தாளை மாட்டிவிட முடியும் என்று புரிந்தது. கூடு உடையாமல் அடியில் நெம்பி விட்டேன். அடித்தகட்டில் கிடந்து உருளும், மேலே ஏறி எதையும் தொடாது. பெட்டிக்கு ஒரு சேதமும் வரக் கூடாது. பெட்டி என்னை என்ன செய்தது? மூடியைப் போட்டு, திருகுகளை இறுக்கினேன். அட்டைப்பெட்டியின் அடியில் நகத்தால் ஒரு கீறல் போட்டுக்கொண்டேன்.

காலேஜிலிருந்து ஒரு மேடமும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். முதலாளியும் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். "ஆத்தா, ஒண்ணத் தூக்கி வையி" என்றார் சூப்பர்வைசர். நான் கீறல் போட்டதைத் தூக்கினேன். பிரித்து எடுத்து மேஜையில் வைக்கிறபோது கொஞ்சம் சாய்த்தேன். கடகடவென்று உருண்டது. மேடம் நிமிர்ந்தார்.

"உள்ள என்னமோ உருளுதே?"

"தெர்மகோல் துண்டு மேடம். பேக்கிங்ல விழுந்திருக்கும்."

"தெர்மகோல் இப்பிடியா சத்தம் போடும்? தொறங்க, பாப்போம்."

"கம்பெனி சீல் மேடம். ஒடச்சா வாரண்டி போயிரும்."

"நான் பாத்துக்கிறேம்ப்பா, தொற" என்றார் முதலாளி.

சூப்பர்வைசர் நாலு திருகைக் கழற்றிப் பெட்டியைச் சாய்த்து மூடியை உருவியதும் மண்கட்டி மேஜையில் விழுந்து உருண்டு மேடத்தின் கையருகே நின்றது. அதன் ஓட்டையிலிருந்து காய்ந்த சிலந்திக் கால்கள் உதிர்ந்தன. மதினிக்குத்தான் வாய் நிற்காதே. "ஆத்தீ! மெட்ராஸ் கம்பெனியில குளவியும் ஷிப்டு பாக்குதாக்கும்?" என்றாள்.

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். அவர் திரும்புவார் என்று எனக்குத் தெரியும். எது தவறினாலும் அவர் கழுத்து என் பக்கம்தான் திரும்பும், ஆறு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அதை நம்பித்தான் கூட்டை விட்டுவைத்தேன்.

"ஏய், மூணு வாரமா ஒக்காந்து தேய்க்கிறியே, இம்புட்டுப் பெரிய கூடு ஒங்கண்ணுக்குத் தெரியல? கழுவும்போது என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?"

முதலாளி மெதுவாகக் கேட்டார். "மூணு வாரமா? நேத்துத்தேன் லாரியில வந்து எறங்குச்சுன்ன?"

அப்போதுதான் சூப்பர்வைசருக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. முகத்தில் ரத்தம் இறங்குவதை நின்று பார்த்தேன். என் நாக்கு அன்றைக்கு ஒட்டவில்லை. "தெரிஞ்சுச்சு சார். குளவிக்கூட்டக் கலைக்கக் கூடாதும்பாகல்ல, அதேன் விட்டுட்டேன்" என்றேன்.

மேடம் மற்ற பெட்டிகளையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார். உள்ளே விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பழசுன்னு சொல்லியே குடுத்திருக்கலாமே. இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். அவற்றைப் பழைய பெட்டிகளாகவே வாங்கிக்கொண்டு போனார்கள். மேஜையில் கிடந்த மண்கட்டியை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். அந்த வாரத்தோடு சூப்பர்வைசரை முதலாளி நிறுத்திவிட்டார். தை மாதத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். அது எனக்கு முன்னாலேயே தெரியும். "பாவம்டி, இந்த நேரத்துல" என்று மதினியே சொன்னாள். எனக்குப் பாவமாக இல்லை. அன்றைக்கு மத்தியானம் திரும்பி உட்காராமல் எல்லாரையும் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஆனால் அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. நான் எடுக்கவில்லை என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் இறந்தே போனார்கள், என்னைக் கள்ளி என்று நினைத்துக்கொண்டு. குடோனும் சில வருஷத்தில் மூடிப்போனது. இப்போது அந்த இடத்தில் மொபைல் கடை இருக்கிறது.

போன மாசிக்கு முன்னால் தேனி பெரிய ஆஸ்பத்திரியில் சுகர் மாத்திரை வாங்க உட்கார்ந்திருந்தேன். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் கைத்தடியோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். "நல்லாருக்கீகளாத்தா?" என்றார். முதல் தடவையாக மரியாதை கொடுத்துப் பேசினார். பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "அந்த ஸ்க்ரூ டிரைவர நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்த்தா" என்றார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார்" என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். வரிசையில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். "ஆளுக இருக்காகளேத்தா" என்றார்.

"அன்னைக்கும் இருந்தாகளே சார்."

மாத்திரை கொடுக்கிற ஜன்னலில் அவர் சீட்டைக் கூப்பிட்டார்கள். தடியை ஊன்றி எழுந்து போனார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்காரவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். படிக்கிற நீங்கள் எட்டுப் பேருக்கு மேல் இருப்பீர்கள். நான் எடுக்கவில்லை. அவர் மூடின பெட்டிக்குள் அது கிடந்தது. கண்டுபிடித்துக் கொடுத்ததும் நான்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு டப்பாவைத் திறந்து மண்கட்டியைக் கையில் வைத்துப் பார்த்தேன். அவர் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருந்தால், ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கரைத்திருப்பேன். ஒரு நிமிஷ வேலை. துணியில் சுற்றி, மூடியை அழுத்தி மூடி, அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.