இரண்டு மீசைகளும் ஒரு போர் விமானமும்

எங்கள் மாமா பேச ஆரம்பித்தால் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிடுவார். கேட்பதற்கு அல்ல, மறுப்பதற்கு. மாமா அம்மாவின் அண்ணன். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று வந்து, ஆனையூரில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவர் அளந்த கதைகளில் பாதி நடந்திருந்தால்கூட நாட்டுக்குத் தளபதிகளே தேவைப்பட்டிருக்க மாட்டார்கள். அப்பாவோ தமிழாசிரியர். பிழையைக் கண்டால் திருத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒன்பது வயதுக்காரியான எனக்கு மாமா சொன்னதெல்லாம் வேதம்.

அந்தக் கோடை விடுமுறையில், கே.கே. நகரில் புதிதாகத் திறக்கவிருந்த ஓர் அருங்காட்சியகத்துக்கு, படையில் ஓய்வு கொடுத்த ஜெட் விமானம் ஒன்று வந்தது. பறந்து வரவில்லை, லாரியில் வந்தது. உடல் தனி, இறக்கை தனி. என்ஜின் இருந்த இடத்தில் ஒரு மைனா கூடு கட்டியிருந்தது. அதைச் செப்பனிட ஆள் தேடி மாமாவைக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான், கடையைப் பூட்டிவிட்டு, திருமங்கலத்தில் லாரிக்கு பாடி கட்டும் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போய் இறங்கிவிட்டார். உப்புத்தாள் போட்டுப் பழைய பெயின்டைத் தேய்த்தார்கள், பள்ளங்களை நிரப்பிப் பட்டி பார்த்தார்கள், ஓட்டைகளுக்குத் தகடு வைத்து ரிவெட் அடித்தார்கள். “வால்ல ‘ஒலி எழுப்பவும்’னு எழுதிருவமாண்ணே?” என்று ஒருவர் கேட்டபோது மாமா கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். மதியச் சோற்றுத் தூக்குவாளியோடு போகும் நான் சாயங்காலம் வரை விமானத்தடியிலேயே கிடப்பேன்.

ஒரு நாள் எங்கள் வீட்டில் தோசைக்கு உட்கார்ந்த மாமா சொன்னார்: “இது நான் வேலை பாத்த அதே ஜெட்டு, மாப்ள. வயித்துத் தகட்டுக்கு உள்பக்கம் எம் பேர ஆணியால கீறி வச்சிருக்கேன்.”

அப்பா விடுவாரா? “அப்ப தொறந்து காட்டுங்க மச்சான்.”

“திருகெல்லாம் இறுகிக் கெடக்கு. மண்ணெண்ணெ ஊத்தி ஊற வச்சிருக்கேன்.”

“குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலைம்பீகளே!”

மாமாவின் கை மீசைக்குப் போனது. “மீசைப் பேச்சு வந்துருச்சுல்ல? ஞாயித்துக்கெழம தொறக்குறேன். பேரு இல்லேனா எம் மீசைய எடுத்துர்றேன். இருந்துச்சுனா ஒங்க மீசைய எடுங்க.”

“ரெண்டு பேருக்கும் கிறுக்குதான் பிடிச்சிருக்கு” என்று அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். அப்பாவின் மீசை ஒன்றும் லேசுப்பட்டதல்ல. பிரம்பு இல்லாமலே எட்டாம் வகுப்பை அடக்கி வைத்திருந்த மீசை அது.

சனிக்கிழமை சாயங்காலம் திருகுகள் இளகின. ஒரே ஒரு திருகில் தகட்டைத் தொங்கவிட்டுவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தகட்டைத் தள்ளி, மாமாவின் டார்ச்சை அடித்து அதன் உள்பக்கம் பார்த்தேன். தூசிதான் இருந்தது. துடைத்துப் பார்த்தேன், பேரே இல்லை. ஐயோ, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மீசையில்லாத மாமாவை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அவரைப் பொய்யர் என்று சொல்லி அப்பா சிரிப்பதை அதைவிடத் தாங்க முடியாது. கீழே கிடந்த ஆணியை எடுத்து, எனக்குத் தெரிந்த அவர் பெயரை அழுத்திக் கீறினேன். பழசாகத் தெரிய வேண்டுமே என்று மேலே தூசியையும் அப்பினேன். அம்புட்டுக் கெட்டிக்காரி நான்!

மறுநாள் குடும்பமே போய் நின்றது. மாமா விமானத்தடியில் மல்லாந்து படுத்துத் தகட்டைக் கழற்றினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தோள் குலுங்கியது. பிறகு வெளியே வந்து தகட்டை அப்பாவிடம் நீட்டினார். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தரம் பார்த்தார். நான் சட்டென்று மைனாவைப் பார்த்தேன்.

“இருக்கு மச்சான். தெளிவா இருக்கு.”

“எங்க, நானும் பாக்குறேன்” என்று அம்மா கை நீட்டினாள். அதற்குள் மாமா தகட்டை வாங்கி எட்டுத் திருகையும் முடுக்கிவிட்டார்.

அன்று மாலையே அப்பா சலூனுக்குப் போய், யாரோ ஒரு பையனின் முகத்தோடு திரும்பி வந்தார். அம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா ஒரு வார்த்தை கேலி பேசவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கித் தந்தார். அப்பாவுக்கு மட்டும் இரண்டு டம்ளர்.

திறப்பு விழாவன்று மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாருமாகச் சேர்ந்து ஜெட்டைத் தள்ளிப் பழங்களை நசுக்கினோம். வெயிலில் அது பளபளவென்று நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு பெரிய ஆட்களை ஒரே ஆணியில் ஏமாற்றிவிட்டேனே!

அந்தப் பெருமை பல வருஷம் இருந்தது. அன்று நான் கீறியது, எனக்குத் தெரிந்த அவருடைய ஒரே பெயரை: ‘மாமா’. விமானப்படையில் எவரும் தன் பெயரை அப்படி எழுதிவைக்க மாட்டார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தினமும் என் வீட்டுப்பாடம் திருத்துகிற அப்பா, அது யார் கையெழுத்து என்று தெரிந்தேதான் சலூனுக்குப் போனார் என்பதும் அப்போது தெரியவில்லை.