செவிடன், சிராங்கூன் ரோடு

கோயில் திருவிழாவின் முதல் நாள் காலையில், எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே மூங்கிலில் கட்டியிருந்த ‘குழாய்’ ஒலிபெருக்கி கரகரத்து, இருமி, நாகசுரத்தைக் கொட்டத் தொடங்கியதும் மேசைமேல் இருந்த தம்ளரில் தண்ணீர் நடுங்கும். அறுபதுகளின் தொடக்கம் அது. பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் குடித்தனம். எனக்கு அந்த ஆண்டு தொடக்கப்பள்ளிக் கடைசித் தேர்வு. பத்து நாளும் குழாய் இப்படி அலறினால் என் மகள் எப்படிப் படிப்பாள் என்று, துறைமுகத்தில் கணக்கெழுதும் ‘கிராணி’ வேலை பார்த்த அப்பா தமிழ் நாளிதழுக்குக் கடிதம் எழுத, அது அவருடைய பெயரோடும் வீட்டு எண்ணோடும் அச்சில் வந்தது.

மறுநாளே அதே நாளிதழில் ஒரு பதில் வந்தது. ‘குழாயைக் குறைக்க வேண்டாம், முடிந்தால் இன்னும் கூட்டுங்கள். ஆண்டில் இந்தப் பத்து நாள்தான் நான் இசை கேட்கிறேன்.’ கீழே, ‘செவிடன், சிராங்கூன் ரோடு’ என்று மட்டும் இருந்தது.

அப்பா பாதித் தோசையோடு எழுந்துவிட்டார். ஊர் பார்க்கத் தன்னைக் கேலி செய்திருக்கிறான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கீழ்க்கடைக்காரர் விழாக் குழுவில் இருந்தவர். எனவே அவர்தான் ஒளிந்துகொண்டு எழுதியிருக்கிறார் என்று முடிவுகட்டி, இனி அங்கே எதுவும் வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா உப்புக்கும் பருப்புக்கும் அடுத்த தெருவுக்கு நடந்தாள். “எழுதுனவரு ரெண்டு வரிதான் எழுதுனாரு. மூணாவது வரிய நீங்களா படிக்கிறீங்க” என்றாள். அப்பா காதில் வாங்கவில்லை. ‘முகம் காட்டத் துணிவில்லாத கோழை’ என்று அவர் எழுதிய இரண்டாம் கடிதமும் அச்சில் வந்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கடைக்காரர் மகள் மீனா, அன்று பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு ஒரு பாடமும் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வெளுத்த சட்டையும் மடித்த நாளிதழுமாக ஒருவர் மாடியேறி வந்தார். அந்தச் செவிடன் தான்தான் என்றார். அப்பா கேட்க வேண்டியதையெல்லாம் படபடவென்று கேட்டு முடிக்கும்வரை அவர் அப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதோரம் கையைக் குவித்தார்.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். கப்பல் பட்டறையில பாய்லர் அடிச்சு அடிச்சு காது போயிடுச்சு. கிண்டலுக்கு எழுதல. அந்தக் குழாயிக்குக் கீழ நின்னாத்தான் எனக்கு நாயனம் கேக்கும்.”

அப்பா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, “மன்னிச்சுக்குங்க” என்றார். வந்தவருக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார், அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் முறை அப்பா கத்திய கத்தலில், கீழே கடைகளின் முன்னால் ‘அஞ்சடி’ நடைபாதையில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கடைக்காரரும் வெளியே வந்து பார்த்தார். அப்பா ஜன்னல் வழியே எட்டி, “உங்களுக்குந்தான்” என்று அதே குரலில் சொல்லவும், அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பத்தாம் நாள் அப்பா அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மேளக்காரர்களுக்கு மிக அருகில் உட்காரவைத்தார். தவில்காரர் வாசிக்க வாசிக்க அவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். தேர்வில் நானும் தேறினேன், பக்கத்து இருக்கைக்குத் திரும்பி வந்திருந்த மீனாவும் தேறினாள்.

அந்த வீடு இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. கம்பங்களில் குழாய் கட்டுவாரும் இல்லை. நான் தெம்பனிஸில் பத்தாவது மாடியில் இருக்கிறேன். போன வாரம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கைப்பேசிக் குழுவில், யார் வீட்டிலோ விடியற்காலையில் மிளகாய் இடிக்கிறார்கள் என்று ஒருவர் எழுத, வேண்டுமென்றேதான் செய்கிறார்கள் என்று மதியத்துக்குள் பலரும் சேர்ந்துகொண்டார்கள். எந்த வீடு, நான் போய்ப் பார்த்துப் பேசுகிறேன் என்று எழுதினேன். யாருக்கும் தெரியவில்லை.