வாசல் கொடி

எங்கள் அத்தாவிடம் யாரும் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. கொழிஞ்சாம்பாறையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த மனிதருக்கு அந்த ஒரு சொல் மட்டும் கசக்கும். கேட்டது வந்துவிட வேண்டும்.

மருந்துக்குக் கடல்நுரை என்கிற கணவாய் ஓடு வாங்கக் கிழக்குக் கடற்கரைக்குப் போன இடத்தில்தான் அண்ணனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தார். கேரளம் என்று தனி மாநிலம் பிறந்த சமயம் அது. மதினிக்கும் எனக்கும் ஒரே வயது. அவளுடைய வாப்பா கடல்நுரையும் சங்கும் பொறுக்கி விற்பவர். மணல்மேட்டின் மேல் அவர்கள் வீடு. வாசலில் இறங்கினால் கடல் என்பாள்.

அந்த மணல்மேட்டில் படர்ந்திருந்த அடம்பங்கொடியில்தான் அத்தா கண் வைத்தார். மூட்டு வீக்கத்துக்கு அதன் இலையை வதக்கிக் கட்டுவார்கள். பாலக்காட்டு வைத்தியர்கள் வேரும் கேட்டார்கள். மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் சம்பந்தி ஒரு மூட்டை சுமந்துகொண்டு பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்குவார். பெண் கொடுத்தவர் வேறென்ன செய்வார்?

ஒருநாள் அத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மதினி வாய் திறந்தாள்.

"மாமா, எலய மட்டும் பறிக்கச் சொல்லுங்க. வேரோட பிடுங்குனா மணல் நிக்காது. எங்க வீடு அந்தக் கொடியிலதான் நிக்குது."

அத்தா என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா கதைய? ஊட்டைக் கொடி தாங்குதாமா!"

அம்மாவும் சிரித்தாள். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவன் எதற்குத்தான் தூக்கினான்?

மதினிக்கு ஏழாம் மாதம் வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்களில் மாறாத வழக்கம். அழைத்துப் போக வரும்போது இரண்டு மூட்டையாகக் கொண்டுவரும்படி சம்பந்திக்கு அத்தா சொல்லி அனுப்பியிருந்தார். கரை முழுவதும் ஏற்கெனவே மொட்டையாகிவிட்டிருந்தது. ஆனாலும் சம்பந்தி இரண்டு மூட்டையோடுதான் வந்தார். இலை வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கப் போன மதினி, ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதன் தண்டில் வலைக்கயிறு சுற்றியிருந்தது. கல்யாணத்துக்கு முன் வேலியோரம் அவளே கட்டிவிட்ட கயிறு.

"வாப்பா, இது நம்ம வாசல் கொடியில்ல?"

"சம்பந்தி கேட்டுட்டாகளேம்மா. இல்லேன்னு எப்படிச் சொல்றது? உன்னய இங்க குடுத்திருக்கேன்ல."

அவருக்கும் தெரியும். பரம்பரையாக அந்தக் கரையில் வாழ்ந்தவருக்குத் தெரியாதா? தெரிந்தே பிடுங்கியிருக்கிறார். அன்று எனக்கு அத்தாவைவிட அவர்மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

மழைக்காலத்தில் அங்கே அனுப்ப முடியாது, மழை விட்டதும் அழைத்துப் போங்கள் என்று அம்மா அவரைத் தனியே திருப்பி அனுப்பினாள். ஐப்பசிப் புயலில் மணல்மேடு கரைந்தது. சுவர் கடலுக்குப் போயிற்று, கூரை மணலுக்கடியில் போயிற்று. மதினியின் பெற்றோர் யாரோ ஒருவருடைய வலைக்கொட்டகையில் ஒண்டிக்கொண்டார்கள்.

பிள்ளை எங்கள் வீட்டில் பிறந்தது. சுடுதண்ணீர் காய்ச்சும் ஒவ்வொரு முறையும் அம்மா புலம்பினாள். "தாய்வீட்டுக்காரிக செய்யற வேலைய நாஞ் செய்யறேன். எந்தலையெழுத்து!" அந்தத் தலையெழுத்தை எழுதியது யார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் என் கல்யாணப் பேச்சு நின்றிருக்கும்.

பேரனைப் பார்க்க சம்பந்தி வெறுங்கையோடு வந்தார். வேட்டி அழுக்கேறியிருந்தது. அத்தா அவருக்குப் பின்னால், மூட்டை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, கொடி கொண்டாரலீங்களா?"

"இனிமே அங்கன கொடி இல்ல சம்பந்தி. வீடும் இல்ல."

அத்தா நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கு ஒரு கணம் நெஞ்சு இளகிவிட்டது.

"அடடா, முன்னாலயே சொல்றதில்லீங்களா? கடைசிச் சரக்குன்னு தெரிஞ்சிருந்தா அந்த ரெண்டு மூட்டைய இன்னும் நல்ல வெலைக்குத் தள்ளியிருப்பனே!"

மதினி கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி தலையாட்டினார். "என் தப்புத்தான் சம்பந்தி" என்றார்.