நிர்மலாவின் காணியும் என் அவசரச் சாட்சியும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் என் பிழையைச் சொல்லாமல் நன்றி சொல்ல வாய் வரவில்லை.

நிர்மலாவும் நானும் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் எட்டு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். அவள் புருஷன் இறந்துவிட்டார். தன்னாமுனையில் தாய் கொடுத்த வீடும் காணியும்தான் அவளுக்கு இருந்த ஆதாரம். போன மாசியில் அவள் திடீரென்று மாறினாள். எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தாள். சகோதரிகள் எல்லோருக்கும் சேலை. ஓயாமல் பேசினாள், பாடினாள். எங்களுக்குப் புல்லரித்தது. நானே எழுந்து நின்று, "இவவில ஆவியானவர் இறங்கியிருக்கார்" என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த கிழமை, காணியை விற்று ஜெபவீடு கட்டித் தருவதாகச் சொன்னாள். வாங்க ஆளும் வந்தாயிற்று, திங்கட்கிழமை கையெழுத்து. அப்போதுதான் அவள் தங்கை என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா பத்து நாளா நித்திரை கொள்ளல்ல. வீடு நிறையப் பிரிக்காத பெட்டி. முந்தியும் ஒருக்கா இப்பிடி வந்து மருந்து எடுத்தவ. இப்ப விட்டுட்டா."

வியாதிக்கா கைதட்ட வைத்தேன்? சாப்பாடு இறங்கவில்லை. வேலைக்கு வாவிக்கரையால் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒரே ஜெபம்: ஆண்டவரே, அந்தக் கையெழுத்தை நிறுத்தும். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. நீ சொன்னதை நீயே போய்த் திருப்பி எடு என்ற உறுத்தல் மட்டும் விடவில்லை.

ஞாயிறு காலை எங்கள் பாஸ்டரிடம் போனேன். "பாஸ்டர், நான் சொன்ன சாட்சி பிழை. அவவுக்குச் சுகமில்ல. அந்தக் காச நாம எடுக்கக் கூடாது." ஜெபவீடு அவருடைய நெடுநாள் ஆசை. ஆனாலும், "வாங்க, இப்பவே போவம்" என்று எழுந்தார்.

நிர்மலாவின் வாசலில் நின்று, "காணி எங்களுக்கு வேணாம் மகள். நீங்க சுகமா இருந்தாப் போதும்" என்றார்.

அவள் என் மேல் பாய்ந்தாள். "நீதானே என்னத் தூக்கி வச்ச? இப்ப பைத்தியம் எண்டுறியா?"

அவள் கேட்டது நியாயம். "தூக்கி வச்சது என்ட பிழை கா. அதுக்காக உன்ன விழ விடமாட்டன்" என்றேன். கதவைச் சாத்தினாள். பாஸ்டர் போன பிறகும் நான் படியிலேயே இருந்தேன், எழும்புவதும் இருப்பதுமாக.

பின்னேரம் கதவு திறந்தது. "நித்திரை வருகுதில்ல கா. பயமாக் கிடக்கு. டொக்டரிட்டக் கூட்டிப் போ." இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். திங்கட்கிழமை கையெழுத்துக்குப் போகாமல் கிளினிக்கில் இருந்தோம். ஸ்தோத்திரம்!

எல்லாம் ஒரே நாளில் சரியாகவில்லை. அவள் கொடுத்த சேலைகளை நான் திருப்பிக் கேட்டதற்குச் சில சகோதரிகள் முகம் சுளித்தார்கள், நான் விடவில்லை. பேங்க் கார்டை அவளே தங்கையிடம் கொடுத்தாள். பெரிய சாமான் வாங்குமுன் எனக்குச் சொல்கிறாள். சில நேரம் வாங்கிய பிறகு சொல்கிறாள். சண்டை பிடித்துக்கொண்டே இருவரும் கடைக்குத் திருப்பிக் கொண்டு போவோம்.

உங்கள் நடுவில் யாராவது அள்ளி அள்ளிக் கொடுத்தால், கைதட்டுமுன் பக்கத்தில் போய் இருந்து விசாரியுங்கள். ஆண்டவரை நம்பி உண்மையைப் பேசுங்கள். அவர் கைவிடமாட்டார்.

இதைச் சொல்லும்போது உன் பெயரை மறைக்கவா என்று அவளிடம் கேட்டேன்.

"மறைக்காத கா" என்றாள். "என்னப் போல ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தா, பேர் தெரியாம அவ ஆரிட்டப் போவா?"