பெருவாயன் மூன்று, வாரிக்காலன் எட்டு

அன்று தேவாலய மண்டபத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். போதகர், ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் காரைதீவு மிஸ்ஸி, கல்முனை பசாரில் புடவைக்கடை வைத்திருந்த ஹாஜியார், சவளக்கடையிலிருந்து சைக்கிளில் வரும் வயற்காரர் போடியார், தபால் கந்தோரில் வேலை பார்த்த ஒருவர், ஆறாவதாக நான். தபால் கந்தோர்க்காரர் தேநீர் குடித்ததும் போய்விட்டார். ஆகவே பிறகு நடந்ததில் அவருக்குப் பங்கில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, பெரும்போக அறுவடைக் காலம், ஒரு சனிக்கிழமை பின்னேரம்.

நான் சாய்ந்தமருதுக்காரன். ஹாஜியாரின் கடை வாசலில் தையல் மெசின் போட்டிருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வறுமையால் விட்டேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மை என்னவென்றால், கணக்கு வாத்தியாரைக் கண்டாலே எனக்குப் பயம். இப்போதும் அப்படித்தான். துணியில் கத்தரி வைக்கமுன் மூன்று தடவை அளப்பேன். வெட்டிய பிறகும் சரியாகத்தான் வெட்டினேனா என்று யோசித்துக்கொண்டே இருப்பேன்.

அந்த மண்டபத்துக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கப் போனபோதுதான் புத்தக அலுமாரியைக் கண்டேன். தேவாலயம் மண்டபத்தையும் தேநீரையும் கொடுக்கும், மாதம் ஒரு புத்தகம் வாசித்து வந்து பேச வேண்டும், எந்த மதத்தவரும் வரலாம் என்றார் போதகர். என் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "இஞ்ச பாருங்க, புத்தகம் வாசிக்கப் போய் ஞானஸ்நானம் எடுத்துட்டு வந்திராதீங்க" என்றாள். அவள் பகிடிக்குச் சொன்னதை நான் மனதில் போட்டுக்கொண்டு, முதல்நாளே தயங்கித் தயங்கிப் போதகரிடம் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "இங்க நாங்க வேதாகமம் வாசிக்கிறதில்ல தம்பி. அதுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கே ஆள் வருதில்ல."

என்னென்ன புத்தகங்கள். தேனீ வளர்க்கும் ஒருவர் எழுதியது, மலைநாட்டில் புகையிரத நிலையத்தில் வேலை செய்த ஒரு விதவையின் கதை, துப்பறியும் கதை, பனிக்கடலில் கப்பல் சிக்கிக்கொண்டவர்களின் கதை. ஒரு புத்தகத்துக்கு ஒரு பிரதியோ இரண்டோதான் இருக்கும். ஆளுக்கு ஐந்து நாள் என்று கை மாறும். ஹாஜியார் வாசித்த பக்கங்களில் ஏலக்காய் மணக்கும்.

முதல் மூன்று மாதம் நான் வாய் திறக்கவில்லை. பனிக்கடல் கதையில் 'அட்சரேகை' என்று ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. எல்லோரும் தலையாட்ட நானும் ஆட்டினேன். மிஸ்ஸி என் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "எனக்கு இந்தச் சொல்லு சரியா விளங்கல்ல, ஆராச்சும் சொல்லுங்க" என்றார். தாதிப் பயிற்சி முடித்தவருக்கு இது தெரியாமலா இருக்கும் என்று எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு கொப்பி வாங்கி வந்தார். யாருக்கு எந்தச் சொல் தெரியாவிட்டாலும் சொல்லலாம். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். முதல் பக்கத்தைத் தானே எழுதிவிட்டு, என்னை அண்ணன் முறை வைத்து, "நானாட எழுத்து வடிவு, இனி நீங்க எழுதுங்க" என்று கொப்பியை என்னிடம் தந்தார். என்னை நம்பி ஒருவர் எழுத்து வேலை தந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்தச் சனிக்கிழமை பேசியது வேறொரு தேசத்து வயற்குடும்பத்தைப் பற்றிய நாவல். ஹாஜியாருக்கு அது பிடிக்கவில்லை. "மூணு பக்கத்துக்கு வெள்ளாமை வெட்டுறான், போடியார். ஒரு ஆள் சோறு தின்னக் காணல்ல."

போடியாருக்குக் குறை வேறு. "இத எழுதினவன் களத்தில கால் வெச்சவன் இல்ல. களத்துக்குள்ள நிண்டு நெல்லு அள்ளுற கடகத்தைக் கடகம் எண்டு எவன் கதைப்பான்?"

"பின்ன என்னெண்டு சொல்ற?"

"பெருவாயன்."

"அது என்ட மச்சினன்ட பேரெல்லோ" என்றார் ஹாஜியார். போதகருக்குத் தேநீர் புரைக்கேறிவிட்டது.

போடியார் சிரிக்கவில்லை. நெல் களத்துக்கு வந்துவிட்டால் நெல் அல்ல, பொலி. எருது எருது அல்ல, வாரிக்காலன். இப்படி அடுக்கிக்கொண்டே போனார். நான் அவசரமாக எழுதினேன். பொருளை எழுதினால் எழுத்துப்பிழை வந்துவிடும், வீட்டில் ஆறுதலாக எழுதலாம் என்று வலப்பக்கத்தை வெறுமையாக விட்டேன். முடிவில் போடியார் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். "எல்லாரும் இப்ப மெசின்ல அடிக்காங்க. நான் இன்னும் மாடு புடிச்சுத்தான். வெள்ளிக்கிழமை காலம்பற ஆறு மணிக்குக் கிட்டங்கியடியில சூடு மிதிக்கிறம், மூணு பெருவாயன், எட்டு வாரிக்காலன், வந்து கண்ணால பாருங்க." மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் அதையும் அதே பக்கத்தில் குறித்தேன்: வெள்ளி சூடு. காலை 6, கிட்டங்கியடி. பெருவாயன் 3. வாரிக்காலன் 8.

வெட்டிய கதிரை அடுக்கி வைத்த குவியலைத்தான் நாங்கள் சூடு என்போம். ஆனால் துவக்கால் சுடுவதும் சூடுதான். அது எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். வழியில் சோதனைச் சாவடி. தினமும் கடக்கும் சாவடி, தினமும் பயப்படும் சாவடி. தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூடிய இளம் பொலிஸ்காரர் ஒருவர் பையிலிருந்த கொப்பியைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"வெள்ளிக்கிழமை சூடு?" என்றார். பிறகு, "பெருவாயன் ஆரு?"

நடந்ததைச் சொல்லியிருந்தால் என்ன? போதகர் ஐயா சாட்சி, ஹாஜியார் சாட்சி. ஆனால் என் வாயில் வந்தது வேறு. "எனக்குத் தெரியா சேர். கொப்பி என்டதில்ல. ரோட்டில கிடந்து எடுத்த."

என்னை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் நீள மர வாங்கில் இருத்தினார்கள். பொறுப்பதிகாரி வந்தார். அதே கேள்வி, அதே பொய். உள்ளே போனவர்கள் எல்லோரும் அன்றே வீடு திரும்பிய காலமல்ல அது. மனைவி விளக்குக் கொளுத்தும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸி சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசையில் வந்தார். அவருக்கும் அதுதான் வழி. என்னைக் கண்டார். போய்விடுங்கள் என்று நான் மெல்லத் தலையசைத்தேன். அவர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நேரே உள்ளே வந்தார். மேசையில் இருந்த கொப்பியைப் பார்த்ததும் விஷயம் விளங்கியிருக்க வேண்டும். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதிகாரியிடம் பேசினார். பிறகு இளம் பொலிஸ்காரரிடம் தமிழில் சொன்னார்.

"அந்தக் கொப்பி எங்கட. முதல் பக்கம் என்ட எழுத்து. வேணுமெண்டா எழுதிக் காட்டுறன்."

எழுதச் சொன்னார்கள். எழுதினார். பெருவாயனும் வாரிக்காலனும் ஆட்கள் இல்லை, களத்துச் சொற்கள், சொன்னவர் இன்னும் டவுனில் ஹாஜியாரின் கடையில்தான் நிற்பார் என்றார். யார் போய்க் கூட்டிவருவது என்று அதிகாரி கேட்டார்.

"நான் போறன்."

திரும்பி வராவிட்டால்? மிஸ்ஸி கைப்பையைத் திறந்து தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

அந்த நாட்களில் அடையாள அட்டை இல்லாமல் வாசல் தாண்டவே யோசிப்போம். டவுனுக்குள் இன்னொரு சாவடி வேறு இருந்தது. அட்டை எங்கே என்று அங்கே கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஒரு கதைதான் இருந்தது, அதுவும் நம்பமுடியாத கதை. அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். என்னுடையது இல்லை என்று நான் சொன்ன கொப்பிக்காகப் போனார்.

முக்கால் மணி நேரம் இருக்கும். முதலில் மிஸ்ஸியும் போடியாரும் சைக்கிள்களில் வந்தார்கள். பின்னால் ஹாஜியாரின் மோட்டார் சைக்கிள். அதன் பின் இருக்கையில் வெள்ளை அங்கியை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு போதகர்.

அதிகாரி கொப்பியைப் போடியாரிடம் நீட்டி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். ஹாஜியார் யாவாரத்தில் பழகிய சிங்களத்தில் மொழிபெயர்த்தார்.

"களத்தில ஏன் வேற பேர் சொல்ற?" என்பது கேள்வி.

"பூதம் நிக்கும் சேர். நெல்லு எண்டு கதைச்சா விளங்கிரும், பொலியைக் கொண்டு போயிரும். அதுக்கு விளங்காமக் கதைக்கிற."

ஹாஜியார் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் அதிகாரி பேனையை மூடி வைத்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த கதிரையைப் போடியாரின் பக்கம் இழுத்துப்போட்டு, "கமத" என்றார். களத்துக்குச் சிங்களத்தில் அதுதான் பெயராம். அவருடைய தகப்பனும் வயல்காரர். அவர்களுடைய களத்திலும் மாட்டை மாடு என்று சொல்லக் கூடாது, 'அம்பருவா' என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் மறந்து மாடு என்று சொல்லி அடி வாங்கியிருக்கிறாராம். போடியார், "அடி வாங்கத்தான் வேணும்" என்றார். ஹாஜியார் அதை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு சுளகுக்கு உங்களிடம் என்ன, வைக்கோலுக்கு உங்களிடம் என்ன என்று இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்கள். அதிகாரி கடைசியாக ஏதோ சொல்ல, ஹாஜியார் சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார். "பூதத்துக்கு விளங்காமக் கதைச்சது, பாவம், பொலிசுக்கும் விளங்காமப் போயிட்டாம்."

கொப்பியையும் அட்டையையும் திருப்பித் தந்தார்கள். ஆனால் இளம் பொலிஸ்காரருக்கு ஒரு சந்தேகம் மிச்சம். "அப்ப இவர் ரோட்டில கிடந்து எடுத்ததெண்டு ஏன் சொன்ன?"

எனக்குத் தலை நிமிரவில்லை. நான் தங்களைக் கைவிட்ட விஷயம் மற்ற நால்வருக்கும் அப்போதுதான் தெரிய வந்தது. மிஸ்ஸி அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே பதில் சொன்னார். "பயந்திருப்பார். இவர் கதை வாசிக்கிற ஆள். கட்டத் தெரியா."

வெளியே வந்து சைக்கிளை உருட்டும்போது, "மிஸ்ஸி, நான் உங்களையெல்லாம்" என்று தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை. "வெள்ளிக்கிழமை வாறீங்களா, இல்லையா? அதச் சொல்லுங்க நானா."

போனேன். ஜும்ஆத் தொழுகைக்கு முன் திரும்பிவிட்டேன். களத்தில் நின்ற மூன்று மணி நேரமும் வாயே திறக்கவில்லை, தவறான சொல்லைச் சொல்லிவிடுவேனோ என்ற பயம். ஹாஜியாரின் கடை வாசலில் பிறகு பல வருடம் தைத்தேன். அவர் வாய் சும்மா இருக்கிற வாய் அல்ல. ஆனாலும் அந்தப் பொய்யை அவரோ மற்ற மூவரோ ஒருநாளும் எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை.

மிஸ்ஸியைப் போலத் துணிச்சல் எனக்கு வராது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளத்தான் எனக்கு ஆசை. ஆனால் வாங்கில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. அட்டையை மேசையில் வைத்தபோது அவருடைய விரல்கள் என் விரல்களைப் போலவே நடுங்கின. நடுங்கிக்கொண்டே வைத்தார். அந்த அலுமாரியிலிருந்து எத்தனையோ புத்தகம் வாசித்து முடித்துவிட்டேன், அந்த ஒரு நொடியை மட்டும் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.