தீவுக்காரர் கூட்டத்துக்கு நான் போட்ட தேத்தண்ணி

ஹோட்டலில் பெரிய மனிதர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறவளுக்கும் காது இருக்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் வராது. என்னைப் போலக் கூட்டங்களுக்குக் கப்பு கழுவிய அக்காமாருக்கு நான் சொல்வது புதிதல்ல. எஸ்டேட்டை விட்டு ஈப்போ பக்கத்துச் சிலிபினுக்கு வந்தபின், எண்பதுகளின் கடைசியில் ஈப்போ ஹோட்டல் ஒன்றில் இருந்தேன். கடல் ஏறுகிறது, புயல் கூடுகிறது, ஒருவருக்கொருவர் எப்படிக் கைகொடுப்பது என்று பேசச் சின்னத் தீவு நாட்டு அதிகாரிகள் மூன்று நாள் வந்து தங்கினார்கள்.

மலைக்கு நடுவே கடல்

எந்த ஜன்னலைத் திறந்தாலும் சுண்ணாம்பு மலைதான். கடலைப் பற்றிப் பேச இங்கே ஏன் வந்தார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. அவர்கள் இங்கிலீசில் பேசுவதை எனக்குத் தமிழில் சொல்லுகிற மேற்பார்வையாளர் மணியம் அண்ணனிடம் கேட்டேன். தன் கோட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"கடல் பக்கத்துல வச்சா பயமா இருக்கும்லா!"

கொடிச் சண்டை

முதல் நாள் காலை முழுக்க, எந்த நாட்டுக் கொடி எதற்குப் பக்கத்தில் நிற்பது என்றே பேசினார்கள். முன்பு எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீடுகளுக்குள் ஆற்றுத் தண்ணீர் வந்தபோது, மேட்டு லயத்து ஆரோக்கியம் அக்கா அடுப்போடு ஓடி வந்தாள். மாரியம்மன் கோயில் வாசலில் வைத்து எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சினாள். யார் எங்கே நிற்பது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்துக்கொண்டே கொடிகளை மூன்றாம் தடவை இடம் மாற்றினேன். கூட மாட நின்ற சீனப் பெண் ஆ மோய் சிரித்தாள்:

"ஆன்ட்டி, ஒரு கொடிகூட நனையலையே, அப்புறம் என்னா கவலை?"

முனிசாமியின் போத்தல்

எல்லாவற்றிலும் சின்னத் தீவுக்குக் கதவோரம், என் கேத்தலுக்குப் பக்கத்தில் நாற்காலி. அதில் உட்கார்ந்தவர் பெயர் முனிசாமி. நம் ஆட்களை மலாயாவில் ரப்பருக்குக் கொண்டுவந்த மாதிரி அவர் பாட்டனைக் கரும்புக்குக் கொண்டுபோனார்களாம். தட்டித் தடுமாறித் தமிழ் பேசினார். அவர் ஊர்க் கிணற்றில் கடல் புகுந்துவிட்டது. பக்கத்துத் தீவில் தண்ணீர்க் கப்பல் ஒன்று சும்மா நிற்கிறது. வெயில் காலத்துக்குள் அதை அனுப்பச் சம்மதம் வாங்கத்தான் வந்திருந்தார். கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தார்.

கை தூக்கினார். தேத்தண்ணிக்கு அப்புறம் என்றார் கூட்டத் தலைவர். மறுபடி தூக்கினார். சாப்பாட்டுக்கு அப்புறம். இரண்டாம் நாளும் அப்படியே போனது. போத்தலை என் பக்கம் தள்ளி வைத்தார்:

"என் மக இதைத்தான் குடிக்கிறா அக்கா. இங்க ஒருத்தரும் தொட்டுக்கூடப் பாக்கல."

நான் செய்த பாவம்

மூன்றாம் நாள் காலை, முருகா மன்னிச்சிரு என்று கும்பிட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அந்தத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்தேன். தலைவருக்கும் கப்பல்காரத் தீவு அதிகாரிக்கும் மட்டும் அதில் தேத்தண்ணி போட்டு ஊற்றினேன். தலைவர் ஒரு வாய் குடித்ததும் கப்புக்குள்ளேயே துப்பினார். அதிகாரியின் முகம் கோணிப்போனது. முனிசாமி காலிப் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து நின்றார். "ஐயா, அது எங்க கிணத்துத் தண்ணி" என்று இங்கிலீசில் சொன்னார். மண்டபமே அவர் பக்கம் திரும்பியது. சரி, முருகன் கண் திறந்துவிட்டான் என்று நினைத்தேன். தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டார்:

"வேற டீ கொண்டாரச் சொல்லு. அடுத்த விஷயம் என்ன?"

புறப்பாடு

கப்பல் விஷயத்தை அடுத்த வருஷக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் வெயில் காலமே வந்து போய்விடும். பெட்டியோடு குசினிக்கு வந்த முனிசாமி, போத்தலைக் கழுவி எங்கள் குழாயில் பிடித்து இறுக்கி மூடினார்:

"மகளுக்கு ஒரு நாளைக்காச்சும் ஆவும்லக்கா."

அந்த மூன்று நாளில் எல்லாத் தீவும் ஒரே மனதாகக் கை தூக்கியது ஒரே ஒரு தீர்மானத்துக்குத்தான்: இனி எந்தக் கூட்டத்துக்கும் என்னைத் தேத்தண்ணி போட விடக்கூடாது.