மூக்குக்காகக் குடித்தவன்

போன வாரம் வேலூரிலிருந்து ஆம்பூருக்கு பஸ்ஸில் போனேன். கூடவே ஒரு மெட்ராஸ் நண்பர். ஊர் நெருங்க நெருங்க தோல் பதனிடும் டேனரிகளின் வாடை ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டது.

“இந்த நாற்றத்தில் குடிக்காமல் எவன் சார் வேலை செய்வான்?” என்றார் அனுதாபமாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே வசனத்தைப் பேசிக்கொண்டு நானும் ஒன்றரை மாசம் குடித்தவன்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய கதை. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு ஆம்பூர் டேனரியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் – வயிறு அதையெல்லாம் பார்ப்பதில்லை. சுண்ணாம்புக் குழியில் ஊறும் தோலைப் புரட்டிப் போட வேண்டும். முதல் நாளே இரண்டு தடவை வாந்தி. மாணிக்கம் மேஸ்திரி, தங்கமான மனுஷன், ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு கிளாஸ் சாராயத்தை நீட்டினார்.

“ஒரே மடக்கா குடிச்சுடு. அப்புறம் வாடையே தெரியாது. நாங்கல்லாம் இப்டித்தான் ஆரம்பிச்சோம்.”

மதுவிலக்கு அமலில் இருந்த காலம்தான். ஷெட்டுக்குப் பின்னால் மட்டும் அது வந்து சேரவில்லை.

மத்தியானம் ஒரு கிளாஸ் என்று ஆரம்பித்தது... சாயங்காலமும் ஒன்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன நாற்றம்? அன்றைக்கும் குடித்தேன். ஐந்து மாசக் கர்ப்பிணியான என் மனைவி சரோஜா, ட்ரங்குப் பெட்டியை எடுத்து நடுவீட்டில் வைத்தாள்.

“இன்னொரு நாள் குடிச்சுட்டு வந்தீங்கன்னா நான் திருப்பத்தூருக்கு அம்மா வீட்டுக்குப் போய்டுவேன். திரும்பி வரமாட்டேன்.”

சொன்னால் செய்கிறவள்.

அப்போதுதான் ரூத்தம்மா என்னைப் பிடித்தார். தெருத்தெருவாகப் போய் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் ஹெல்த் விசிட்டர். சாப்பாட்டு வேளையில் டேனரிக்கும் வந்து, சுண்ணாம்பில் வெந்த கைகளுக்கு மருந்து போடுவார். கூடவே, புது ஆள் யார் என்று விசாரிப்பார். பழைய ஆட்களை மாற்றுவது கஷ்டம், புதிதாக வந்தவனைக் காப்பாற்றிவிடலாம் என்பது அவர் கட்சி.

என் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார்: “இன்னாப்பா, எதுக்குக் குடிக்கிற?”

“நாத்தம் தாங்கலம்மா.”

பக்கத்து ஷெட்டில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்த பெண்களைக் காட்டினார். “அவங்களும் இங்கதான வேலை செய்றாங்க? அவங்களுக்கு மூக்கு இல்லியா?”

பக்கத்தில் நின்ற மேஸ்திரி இருமினார். எந்தக் கெட்ட பழக்கத்துக்கும் நம்மிடம் ஒரு நல்ல காரணம் இருக்கும், இல்லையா? அது ஏனோ ஆண்களுக்கு மட்டுமே பொருந்தும்.

“நாலு நாள் குடிக்காம நில்லு. மூக்கு தானா பழகிடும். நான் தெனம் வந்து பக்கத்துல நிக்கிறேன்.”

வந்தார். என் குழி ஓரத்திலேயே நின்று, சரோஜாவுக்கு என்ன சாப்பிடக் கொடுக்கலாம், பிறக்கப்போகிற குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தார். வாந்தி எடுத்தேன். ஆனால் ஷெட்டுக்குப் பின்னால் போகவில்லை. ட்ரங்குப் பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் போனது. இன்றைக்கு எனக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறதென்றால் அந்த அம்மாவால்தான்.

நாலாம் நாள் சந்தோஷமாகச் சொன்னேன்: “நெசந்தாம்மா. இப்ப நாத்தமே தெரியல. உங்களுக்கும் இப்டித்தான் பழகிச்சா?”

ரூத்தம்மா மருந்துப் பெட்டியை மூடினார்.

“நீ நாள் முழுக்க நிக்கிற, பழகிடும். நான் அரை மணி நேரம்தானேப்பா வர்றேன்? எனக்கு இன்னும் பழகல. இங்கேர்ந்து போனா மத்தியானம் சோறு எறங்காது.”

அப்போது அவர் அங்கே வர ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.